பி.டி. பீரியடில் நம் பிள்ளைகள் என்ன கற்க வேண்டும்?

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் மதிப்பெண் அட்டை வீட்டுக்கு வந்தால் முதலில் கணக்கைப் பார்க்கிறோம். பிறகு அறிவியல், ஆங்கிலம். பல பள்ளிகளின் அட்டையில் கடைசியாக ‘உடற்கல்வி’ என்று ஒரு வரியும், அதற்கு எதிரே ஏ அல்லது பி என்று ஓர் எழுத்தும் இருக்கும். அந்த எழுத்து எதை வைத்துப் போடப்பட்டது என்று ஆசிரியரிடம் கேட்கும் பெற்றோர் மிகக் குறைவு.

கல்வி உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் குடும்பங்களிடம் பேசும்போது இரண்டு விஷயங்களை அடிக்கடி கேட்கிறோம். “பி.டி. பீரியடில் சும்மாதானே விளையாட விடுகிறார்கள், அந்த நேரத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தால் என்ன?” என்பது ஒன்று. “பெண் பிள்ளை பெரியவளாகிவிட்டாள், இனி பி.டி. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா?” என்பது மற்றொன்று. இந்த வகுப்பில் பிள்ளை எதைக் கற்க வேண்டும் என்பது தெரிந்தால்தான் இரண்டுக்கும் சரியான பதில் கிடைக்கும். அதை இங்கே விளக்க முயல்கிறோம்.

இதுவும் ஒரு பாடம்தான்

2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, உடல்நலமும் உடற்கல்வியும் சேர்ந்த பாடத்தைப் பத்தாம் வகுப்பு வரை கட்டாயப் பாடமாக வைக்கச் சொன்னது. ‘உடல்நலமும் உடற்கல்வியும்’ என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னதைக் கவனிக்க வேண்டும். மைதானத்தில் ஓடுவதும், எதைச் சாப்பிட வேண்டும், உடம்பை எப்படிச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று அறிவதும் ஒரே பாடத்தின் இரண்டு பகுதிகள்.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமும் இதை விட்டுவிடவில்லை. அச்சட்டத்தின் அட்டவணைப்படி ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும். ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை வேண்டும். ஒவ்வொரு வகுப்புக்கும் தேவையான விளையாட்டுப் பொருட்கள் தரப்பட வேண்டும். ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் படித்தால் உடல்நலம் மற்றும் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் ஒருவர் இருக்க வேண்டும்.

சிறுபான்மை நிறுவனங்கள் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே நம் சமுதாயம் நடத்தும் பள்ளிகளில் மைதானம் இல்லையென்றால் இந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது. ஆனால் சட்டம் வற்புறுத்தவில்லை என்பதால் பிள்ளையின் உடம்புக்குத் தேவை இல்லாமல் போய்விடாது. நம் பள்ளி நிர்வாகங்கள் இதைத் தாமாக முன்வந்து செய்ய வேண்டும். பெற்றோரும் ஜமாஅத்தும் அதைக் கேட்க வேண்டும்.

ஏன் இந்த மூன்று ஆண்டுகள்?

பதினொன்று முதல் பதினான்கு வயது வரை உடம்பு வேகமாக மாறும் காலம். உயரம் கூடுகிறது, எலும்பு கனக்கிறது, பருவம் அடைகிறார்கள். வாழ்நாள் முழுவதும் தாங்க வேண்டிய எலும்பின் பலம் பெரும்பாலும் இருபது வயதுக்குள்ளேயே சேர்ந்துவிடுகிறது. குதிப்பதும் ஓடுவதும் பளு தூக்குவதும் அந்தப் பலத்தைக் கூட்டுகின்றன. இந்த வயதில் சேர்க்காததை நாற்பது வயதில் மாத்திரையால் முழுவதும் ஈடுகட்ட முடியாது.

ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடம்பை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் கூறுகிறது. வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலு சேர்க்கும் பயிற்சி அதில் இருக்க வேண்டும். அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2016ஆம் ஆண்டின் விவரங்களைக் கொண்டு கணக்கிட்டபோது, உலகெங்கும் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 81 விழுக்காட்டினர் இந்த அளவை எட்டவில்லை என்று தெரிந்தது. பையன்களில் 78 விழுக்காடு, பெண் பிள்ளைகளில் 85 விழுக்காடு.

நம் பிள்ளையின் ஒரு நாளைப் பாருங்கள். ஃபஜ்ருக்குப் பின் ஓதப்பள்ளியில் உட்காருகிறது. அடுத்து பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் உட்காருகிறது. மாலையில் டியூஷன், இரவில் வீட்டுப்பாடம், மிச்ச நேரத்தில் செல்போன். எல்லாம் உட்கார்ந்த வேலை. இதற்கு நடுவே கால் நீட்டி ஓடக் கிடைப்பது பி.டி. பீரியட் மட்டுமே.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வாரத்துக்கு 45 நிமிடத்தில் இரண்டு பீரியட் என்று வைத்துக்கொண்டால் 90 நிமிடம். தேவைப்படுவதோ நாளுக்கு 60 வீதம் ஏழு நாளைக்கு 420 நிமிடம். பள்ளி ஒரு பீரியடைக்கூட விட்டுக்கொடுக்காமல் நடத்தினாலும் ஐந்தில் ஒரு பங்குதான் தேறும். மீதியைப் பிள்ளை தானாகவே, வீட்டிலும் தெருவிலும் செய்தாக வேண்டும். எனவே இந்த வகுப்பில் பிள்ளைக்கு வியர்க்க வைத்தால் மட்டும் போதாது. ஆசிரியர் இல்லாத நேரத்திலும் தன் உடம்பைத் தானே பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொடுக்க வேண்டும். கீழே சொல்லும் ஐந்து இலக்குகளும் இதை ஒட்டியவையே.

முதல் இலக்கு: உடம்பை ஆளத் தெரிதல்

ஓடுதல், தாண்டுதல், எறிதல், பிடித்தல், உதைத்தல், சமநிலையில் நிற்றல் ஆகியவை எல்லா விளையாட்டுக்கும் அரிச்சுவடி. ஆறாம் வகுப்பில் இவற்றைத் தனித்தனியாகச் சரியான முறையில் செய்யப் பழக வேண்டும். ஏழாம் வகுப்பில் ஒன்றோடொன்று சேர்த்துச் செய்ய வேண்டும்; ஓடிக்கொண்டே பந்தைப் பிடிப்பது, பிடித்ததும் குறி பார்த்து எறிவது போல. எட்டாம் வகுப்பில் ஆட்டத்துக்குள் யோசித்துச் செய்ய வேண்டும். யாருக்குப் பந்தைத் தருவது, எந்த இடம் காலியாக இருக்கிறது என்று பார்க்கத் தெரிய வேண்டும்.

இதற்கு விலையுயர்ந்த பொருள் தேவையில்லை. கபடிக்கு ஒரு கோடு போதும். ஒருவர் பாடிச் செல்வது 30 வினாடிக்குள் முடிய வேண்டும்; அதற்குள் மூச்சையும் காலையும் கண்ணையும் ஒன்றாகப் பயன்படுத்த வேண்டும். கோ-கோவுக்கு இரண்டு கம்பம் இருந்தால் ஆகிவிடும்.

நன்றாக ஆடும் பத்துப் பேரை மட்டும் இறக்கிவிட்டு மீதி முப்பது பேரை ஓரத்தில் உட்கார வைப்பது போட்டிக்கு ஆள் தேர்ந்தெடுப்பதாகும். அதைப் பாடம் நடத்துவதாகச் சொல்ல முடியாது. பின்தங்கிய பிள்ளைக்குத்தான் இந்த வகுப்பு அதிகம் தேவை.

இரண்டாம் இலக்கு: தன் உடம்பின் அளவைத் தானே அறிதல்

பிள்ளைக்குத் தன் நாடித்துடிப்பை எண்ணத் தெரிய வேண்டும். மணிக்கட்டில் விரல் வைத்து 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு நிமிடத் துடிப்பு. ஓடுவதற்கு முன் எவ்வளவு, ஓடி முடித்ததும் எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் பழைய நிலைக்கு வருகிறது என்று குறித்துவைத்தால் அதுவே ஓர் அறிவியல் சோதனை.

கேலோ இந்தியா திட்டத்தின் உடல்திறன் மதிப்பீட்டில் நான்காம் வகுப்புக்கு மேல் உள்ளவர்களுக்கு உயரம்-எடைக் கணக்கு, 50 மீட்டர் வேக ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம் அல்லது நடை, உட்கார்ந்து முன்குனிந்து தொடுதல், வயிற்றுத் தசைப் பயிற்சி, புஷ்-அப் ஆகியவை இருக்கின்றன. இவற்றில் வேகம், தாங்கும் சக்தி, வளையும் தன்மை, தசை வலு எல்லாம் தெரிந்துவிடும். ஜூன் மாதத்தில் ஒரு முறையும் ஜனவரியில் ஒரு முறையும் எடுத்தால் பிள்ளை தன் பழைய அளவோடு தன்னை ஒப்பிட்டுக்கொள்ளலாம். பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டியதில்லை. எடையை வகுப்பின் முன் சத்தமாகப் படிப்பது கூடவே கூடாது. அப்படி ஒரு முறை கேலிக்கு ஆளான பிள்ளை மறுபடி மைதானத்துக்கு வரவே கூசும்.

மூன்றாம் இலக்கு: சாப்பாடும் ரத்தமும்

2019-21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கும், அதே வயது ஆண்களில் 31.1 விழுக்காட்டினருக்கும் ரத்தசோகை இருக்கிறது. பதினைந்து வயதில் வெளியே தெரியும் இந்தக் குறைக்கான தொடக்கம் பெரும்பாலும் நடுநிலைப் பள்ளி வயதிலேயே நடந்துவிடுகிறது. வகுப்பில் தூங்கிவிழும் பிள்ளையைச் சோம்பேறி என்கிறோம். அது ரத்தம் குறைந்த பிள்ளையாக இருக்கலாம்.

இதற்காகவே ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை வாரம் ஒரு முறை இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரை தரும் அரசுத் திட்டம் இருக்கிறது. குடற்புழு நீக்க மாத்திரையும் தரப்படுகிறது. வளரிளம் பருவத்தினருக்கான மாத்திரை நீல நிறத்தில் இருக்கும். பல பிள்ளைகள் அதை வாங்கிச் சன்னலுக்கு வெளியே எறிகிறார்கள். வயிறு பிரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பயப்படுகிறார்கள். மலம் கறுப்பது இரும்புச்சத்தால் வருவது, தீங்கில்லை. சாப்பிட்ட பிறகு மாத்திரை போட்டால் வயிற்றுப் பிரட்டல் குறையும். இந்த இரண்டு செய்தியும் வகுப்பில் சொல்லப்பட்டாலே மாத்திரை வீணாவது குறையும்.

சோற்றோடு தேநீர் குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும் என்பதும், நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா போன்றவை அதைச் சேர்க்க உதவும் என்பதும் எட்டாம் வகுப்பை முடிக்கும் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஈரல், இறைச்சி, முருங்கைக்கீரை, கேழ்வரகு, பேரீச்சம்பழம் என்று நம் வீட்டு அடுப்படியிலேயே இருப்பவற்றை வைத்து ஒரு நாள் சாப்பாட்டைத் திட்டமிடத் தெரிந்தால் இந்தப் பாடம் நிறைவேறிவிட்டது. பாக்கெட்டில் ஒட்டியிருக்கும் சர்க்கரை, உப்பு அளவைப் படிக்கப் பழகுவதும் இதில் அடங்கும்.

நான்காம் இலக்கு: பருவ மாற்றமும் பாதுகாப்பும்

மாதவிடாய் என்றால் என்ன, துணியோ நாப்கினோ சில மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், துணியைச் சோப்புப் போட்டு அலசி வெயிலில் காயவைக்க வேண்டும் என்பதெல்லாம் பிள்ளைக்கு அந்த நாள் வருவதற்கு முன்பே தெரிய வேண்டும். முதல் நாள் ரத்தத்தைப் பார்த்து நோய் என்று நினைத்து அழும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். மாதவிடாய் நாளில் உடம்பு இடம் கொடுத்தால் ஓடலாம், ஆடலாம். வலி அதிகமிருந்தால் ஓய்வெடுக்கலாம். அந்த நாட்களில் விளையாடினால் கர்ப்பப்பை கெடும் என்பதில் உண்மை இல்லை. பையன்களுக்கும் அவர்களுடைய உடல் மாற்றங்களைச் சொல்லித்தர வேண்டும். பெண் பிள்ளைகளைக் கேலி செய்யக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆண், பெண் பிள்ளைகளைத் தனித்தனியாக வைத்து, பெண் பிள்ளைகளுக்கு ஆசிரியையே நடத்தினால் தயக்கம் குறையும்.

தன் உடம்பை யாரும் தவறாகத் தொட்டால் ‘வேண்டாம்’ என்று சொல்லவும், அந்த இடத்தை விட்டு விலகவும், நம்பிக்கையான பெரியவரிடம் சொல்லவும் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். தொட்டவர் உறவினரானாலும் ஆசிரியரானாலும் இதுதான் விதி. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழுள்ள ஆண், பெண் இருபாலரையும் காக்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098 ஒவ்வொரு பிள்ளைக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். பயமும் மனவாட்டமும் நீங்காமல் இருந்தால் பேசுவதற்கு டெலி-மானஸ் எண் 14416 இருக்கிறது.

பீடி, சிகரெட், போதைப் பாக்கு போன்றவை பிள்ளைகளைத் தேடி வரும் வயதும் இதுவே. 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி பதினெட்டு வயதுக்குக் கீழுள்ளவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்பதும், கல்வி நிறுவனத்தைச் சுற்றி 100 கெஜத்துக்குள் விற்பதும் குற்றம். மின் சிகரெட் 2019 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டிருக்கிறது. ‘கெட்டது’ என்று சொல்லி நிறுத்தாமல், நண்பன் நீட்டும்போது எப்படி மறுப்பது என்று நடித்துப் பழக வைப்பது பயன் தரும்.

ஐந்தாம் இலக்கு: முதலுதவியும் ஆட்ட நியாயமும்

மூக்கில் ரத்தம் வந்தால் நம்மில் பலர் தலையை அண்ணாந்து பார்க்கச் சொல்கிறோம். அது தவறு, ரத்தம் தொண்டைக்குள் இறங்கும். தலையை முன்னால் சாய்த்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். கால் பிசகினால் உடனே நீவிவிடக் கூடாது. ஓய்வு கொடுத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டி வைத்து, கட்டுப் போட்டு, காலை உயர்த்தி வைக்க வேண்டும். வெயிலில் மயங்கினால் நிழலில் படுக்க வைத்து உடம்பைக் குளிர்விக்க வேண்டும். நினைவு தப்பினால் வாயில் தண்ணீர் ஊற்றாமல் 108ஐ அழைக்க வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளை இவற்றைச் செய்து காட்டும் அளவுக்குக் கற்றிருக்க வேண்டும்.

தோற்றால் நடுவரைத் திட்டாமல் கை குலுக்குவது, தான் அவுட் என்று தெரிந்தால் தானே வெளியேறுவது, ஆடத் தெரியாதவனையும் அணியில் சேர்த்துக்கொள்வது ஆகியவையும் கற்க வேண்டிய பாடங்கள். இவை மைதானத்தில்தான் பழக்கத்துக்கு வரும்.

பெண் பிள்ளைகளை நிறுத்திவிடலாமா?

வேண்டாம் என்பதே எங்கள் பதில். ரத்தசோகை அதிகம் இருப்பதும், அசைவு மிகக் குறைவாக இருப்பதும் பெண் பிள்ளைகளிடம்தான் என்பதை மேலே உள்ள எண்கள் காட்டுகின்றன. நாளை பிள்ளை பெற வேண்டிய உடம்பை இன்று மூலையில் உட்கார வைப்பது அவளுக்குச் செய்யும் நன்மை ஆகாது.

பெற்றோரின் கவலை நியாயமானது; அதற்குத் தீர்வு விலக்குக் கடிதத்தில் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது. தளர்வான முழுக்கைச் சட்டையும் டிராக் பேன்ட்டும், ஊசி குத்தாமல் இறுக்கமாக நிற்கும் தலைத்துணியும் போதும். சர்வதேசக் கால்பந்துப் போட்டிகளில் 2014இல் தலைத்துணி அனுமதிக்கப்பட்டது. கூடைப்பந்தில் 2017இல் அனுமதிக்கப்பட்டது. உலகப் போட்டிக்கு ஏற்றது நம் ஊர்ப் பள்ளி மைதானத்துக்கு ஆகாதா? பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம், முடிந்தால் ஆசிரியை, உடை மாற்ற ஓர் அறை, தண்ணீர் வரும் கழிப்பறை ஆகிய நான்கையும் பள்ளியிடம் கேளுங்கள்.

உடல்நிலை காரணமாகத் தயங்கும் பிள்ளைகள்

ஆஸ்துமா உள்ள பிள்ளையை முழுவதும் ஒதுக்கிவைக்கத் தேவையில்லை. மருத்துவரிடம் கேட்டு, எந்த அளவுக்கு ஓடலாம் என்று எழுதி வாங்கி, இன்ஹேலரை மைதானத்திலேயே கைக்கெட்டும் இடத்தில் வைக்கச் செய்தால் போதும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடும் பிள்ளைக்கு விளையாடும்போது சர்க்கரை இறங்கக்கூடும். தின்பதற்கு இனிப்பு கையில் இருக்க வேண்டும், ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்கு மற்றவர்களுக்குச் சமமாக விளையாட்டு வாய்ப்புத் தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது.

ரமலானில் நோன்பு வைக்கும் பிள்ளைகளுக்கு வெயிலில் ஓட்டத் தேர்வு வைக்காமல், உடல்நலப் பாடத்தையும் முதலுதவியையும் அந்த மாதத்துக்கு ஒதுக்கும்படி முன்கூட்டியே ஆசிரியரிடம் பேசிவைப்பது நல்லது.

பள்ளியிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

பெற்றோர் கூட்டம் நடக்கும்போது கீழ்க்கண்டவற்றைக் கேளுங்கள்.

வாரத்துக்கு எத்தனை பி.டி. பீரியட்? போன மாதம் அவற்றில் எத்தனை உண்மையாக நடந்தன? வேறு பாடத்துக்கு எடுத்துக்கொண்டது எத்தனை?

உடல்நலப் பாடம் வகுப்பறையில் நடத்தப்படுகிறதா? யார் நடத்துகிறார்கள்?

பிள்ளையின் உடற்கல்வி மதிப்பெண் எதை வைத்துப் போடப்படுகிறது? முதலிடம் வந்ததற்கா, முன்னேறியதற்கா?

வீட்டுப்பாடம் செய்யாததற்கு மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்வது உண்டா? உண்டென்றால் நிறுத்தச் சொல்லுங்கள். ஓட்டத்தைத் தண்டனையாக்கினால் பிள்ளை அதை வெறுக்கும்.

முதலுதவிப் பெட்டி எங்கே இருக்கிறது? குடிநீர் மைதானத்துக்கு அருகில் உண்டா?

அரசுப் பள்ளியானால் பள்ளி மேலாண்மைக் குழுவில் இதைப் பேசலாம். அக்குழுவின் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்களே இருக்க வேண்டும் என்பது சட்டம். நம் நிறுவனங்களின் பள்ளியானால் நிர்வாகக் குழுவிடம் பேசலாம். மைதானம் இல்லாத பள்ளிக்கு, மஹல்லாவிலுள்ள காலி இடத்தை மாலை ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுவதும் ஜமாஅத்தால் முடியக்கூடிய உதவியே. ஓதப்பள்ளியிலும் பாடத்துக்கு நடுவே ஐந்து நிமிடம் எழுந்து நிற்க, கை கால் நீட்ட விடலாம்.

வீட்டில் செய்ய வேண்டியது இதைவிட எளிது. இன்று பிள்ளை பள்ளியிலிருந்து வந்ததும், “கணக்கில் எத்தனை?” என்று கேட்பதோடு, “இன்று பி.டி. பீரியடில் என்ன கற்றாய்? செய்து காட்டு” என்று கேளுங்கள். தொடர்ந்து சில வாரங்கள் கேட்டும் ‘ஒன்றுமில்லை’ என்றே பதில் வந்தால், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் முதலில் பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.